நானா பிரேக்

பங்களாவில் யாருமில்லை. ஜன்னல்களெல்லாம் அடைத்துக் கிடந்தன. முன்பக்கத்துப் புல்தரையில் யாருடையதோ ஒரு மாடு நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வெறும் பங்களாவுக்கு முன்னால் முத்தையா சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடி தள்ளிக்கொண்டு போனான்.

நான் இறங்கவில்லை. வளைவைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் பின்னால் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. நின்று காத்திருந்தேன்.

"என்னடா, காத்துப் போயிருச்சா?"

"இல்ல மச்சான்."

"செயின் கழண்டுச்சா?"

"இல்ல."

"பொறகு ஏன் எறங்குன?"

அவன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். யாரோ வேறொருவனுடைய காலைப் பார்ப்பது மாதிரி இருந்தது. "நான் எறங்கலடா. காலு எறங்கிருச்சு" என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்

எழுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரைமார் ஊரைப் பார்த்துக் கப்பலேறியிருந்த சமயம். முத்தையா ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தான். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் என்று அங்கே இன்னும் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்; இந்த வயதில் எனக்கு வம்பு வேண்டாம். நான் பதுளை பஜாரில் வாப்பாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மோட்டார் வாகனம் வராத வழியாகப் பார்த்துப் போய்விடவேண்டும். பஸ் ஓடுகிற ரோட்டைக் குறுக்கே கடக்கலாம், அதிலே ஓடக்கூடாது. இது முத்தையா போட்ட சட்டம். ஹாலிஎலையில் ஒரு மரக்கறி லொறிக்காரன் எங்களைச் சைக்கிளோடு ரோட்டோர வாய்க்காலான கானுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன அன்று போட்டது.

சென்ற வாரம் வாப்பாவின் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பண்டாரவளை வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'மலைநாட்டில் சைக்கிளா? எதற்கு ஐயா இந்த வீம்பு?' கேள்வி நியாயம்தான். எங்கள் பக்கம் சைக்கிளில் போவது என்றால் பாதி வழி அதைத் தள்ளிக்கொண்டு போவது என்று அர்த்தம். ஆனால் மற்றப் பாதி இருக்கிறதே, இறக்கம், அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம். வாசகர் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. தேயிலைக்கு முந்தி, கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டிக்காகப் போட்ட கரத்தை ரோட்டுகள் காட்டுக்குள் அப்படியே கிடந்தன. ஓரத்தில் கல் அடுக்கி, வளைவுகளில் அளவாகச் சரிவு கொடுத்து, யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டியவை. மேலே பாசி. நமுனுகுலை மலைப்பக்கத்துக் காட்டில் நுழைந்தால் நடுப்பகலிலும் கண் கொஞ்சம் பழகவேண்டியிருக்கும். அட்டைக்கடிக்குக் காலில் சவுக்காரம் பூசிக்கொள்வோம். காட்டைத் தாண்டினால் பத்தனைப் புல்வெளி. முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதற்கும் கீழே சிங்களக் கிராமங்களின் படிக்கட்டு வயல்கள். அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் பழைய குதிரைப் பாதையில் ஒருநாள் மூடுபனிக்குள் போனபோது, முன்னால் போனவனின் மணிச்சத்தத்தை வைத்துத்தான் நான் பாதையைக் கண்டுபிடித்தேன்.

சாப்பாட்டுக்கு உம்மா சுட்ட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். கோதுமை மாவு கண்ணில் படாத காலம் அது. மரவள்ளி மாவில் சுட்ட ரொட்டி ஆறிவிட்டால் பல்லுக்கு உத்தரவாதமில்லை.

ஒருநாள் போகொடை மரப்பாலத்துக்குப் போனோம். ஓட்டுக் கூரை போட்ட பாலம். ராஜாக்கள் காலத்து வழியில் இருந்ததாம். பக்கத்திலே விகாரை. பாலத்தருகே உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெரியவர், சைக்கிளை விட்டு இறங்கி வரும்படி கையைக் காட்டினார். இறங்கினோம். பலகைகள் காலுக்குக் கீழே முனகின. கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க எறங்குறது நல்லா இருக்கு மச்சான்" என்றான் முத்தையா.

"இதுல என்னடா நல்லா இருக்கு?"

"இங்க எல்லாரும் எறங்கணும்."

மதகு

அவன் எதை நினைத்துச் சொன்னான் என்பது எனக்குத் தெரியும்.

துரை எதிரே வந்தால் தோட்டத்து ஆட்கள் குடையை மடக்கவேண்டும். தலையில் கட்டிய துணியை அவிழ்க்கவேண்டும். ரோட்டை விட்டு விலகிக் கானோரம் நிற்கவேண்டும். சைக்கிள் வைத்திருந்த ஒருசிலருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பங்களாவின் முன்னால் ஏறி ஓட்டக்கூடாது. வளைவுக்கு முன்னே ஒரு கல் மதகு இருக்கிறது. அங்கே இறங்கி, கேட்டைத் தாண்டி, பங்களா மதில் முடியும் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அதற்குப் பிறகுதான் ஏறலாம். எழுதிவைத்த சட்டமல்ல. ஆனால் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

நான் டவுன் ஆள். துரை இருந்த காலத்தில் எங்களை அந்தப் பக்கமே விட்டதில்லை. அதனால் என் காலுக்கு அந்தப் பாடம் தெரியாது. முத்தையா சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு சேர்ந்து சைக்கிளைத் தள்ளி வளர்ந்தவன்.

கெட்ட பெயர்

இனி எங்கள் குடும்பத்துக்கு வந்த கெட்ட பெயரைச் சொல்லியாகவேண்டும். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

முத்தையாவின் அப்பா பெரியசாமி, இளவயதில் எங்கள் வாப்பாவிடம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். வாப்பா அதைக் கழற்றித் துடைத்து, புதுப் பிரேக் கட்டை போட்டு, மணியும் வைத்துக் கொடுத்தார். பெரியசாமி அதை ஓட்டிக்கொண்டு மேல் மலையிலிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு இறங்கினார். துரை வெளி விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியசாமி மதகில் இறங்கவில்லை. துரையின் கண்ணெதிரே, துரையின் நாய் குரைக்கக் குரைக்க, பங்களாவைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், எல்லோருக்கும் முன்னால் அவரை நிறுத்தினார்கள். பெரியசாமி கைகூப்பிக்கொண்டு, "பிரேக் புடிக்கலைங்க தொரை" என்றார்.

துரை லேசில் நம்புகிற ஆளில்லை. கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஆளையும் சைக்கிளையும் பதுளைக் கடைக்குக் கொண்டுபோய் விசாரித்து வரச் சொன்னார். பொய் என்று தெரிந்தால் பத்துச்சீட்டு, வேலையை விட்டு நிறுத்தும் சீட்டு. அந்தச் சீட்டு வந்தால் வேலை மட்டுமல்ல, லயத்துக் காம்பராவும் போய்விடும். பெண்டாட்டி பிள்ளையோடு ரோட்டில்தான் நிற்கவேண்டும்.

வாப்பா கணக்கப்பிள்ளையிடம் ஒப்புக்கொண்டார். பிரேக் பிழைதான், தான்தான் கவனிக்காமல் பூட்டிவிட்டேன் என்றார். பெரியசாமிக்கு வேலை தப்பியது. ஆனால் தோட்டத்துக்குள் அவர் இனிமேல் சைக்கிளில் ஏறவே கூடாது என்று உத்தரவாயிற்று.

தோட்டத்து ஆட்கள் கடைக்காரர் வாப்பாவை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து நிற்காத எதற்கும் அங்கே 'நானா பிரேக்' என்று பெயர் வந்துவிட்டது. பிள்ளை அழுகையை நிறுத்தாவிட்டால் நானா பிரேக். சம்பள நாளில் கள்ளுக்கடையைத் தாண்டத் தெரியாதவன் நானா பிரேக். மாரியம்மன் திருவிழாவுக்குப் போன என்னைப் பார்த்து, "நானா பிரேக் மகன் வாறாரு, ஒதுங்குங்க" என்று சத்தம்போட்ட ஒருவனோடு நான் கட்டிப் புரண்டிருக்கிறேன்.

எனக்கு ஆறவே ஆறாது. வாப்பா ஒரு மறையாணியை மூன்று தடவை முறுக்கிப் பார்க்கிற மனிதர். குழந்தையின் மூன்று சில்லு வண்டிக்குக்கூடப் பிரேக்கைச் சோதிக்காமல் கொடுக்கமாட்டார். அவருக்கா இந்தப் பெயர்? கேட்டால், "மனுசனுக்குப் பிழ வாறதுதானே மகன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சில்லைக் கழற்றுவார்.

முத்தையாவுக்கு வேறு மாதிரி வலி. "ஒங்களுக்குக் கெட்ட பேரு மட்டுந்தான் மச்சான். எங்கப்பா பெரட்டுல கும்புட்டுக்கிட்டு நின்னத அத்தன பேரும் பாத்தாங்க" என்பான்.

கால்

அந்த வருஷம் அவர்களுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. தோட்டத்துத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் பெரியசாமி எப்போதோ பதிந்து வைத்தது, கடைசியில் வந்தே விட்டது. கோச்சி, அதுதான் ரயில், ஏறவேண்டிய நாளும் குறித்தாயிற்று. முத்தையா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. போகிற ஊரின் பெயரைக்கூடத் தயங்கித் தயங்கித்தான் சொல்வான்.

"போறதுக்கு முந்தி ஒரே ஒரு தரம் மதகுல எறங்காம போகணும் மச்சான்" என்றான்.

"போனாப் போச்சு. அங்க மாடுதானே நிக்குது."

"நீ சிரிப்ப. இங்க எறங்காம போகாட்டி, இந்தக் காலு இந்தியாவுலயும் வந்து எறங்கும். எவன் வீட்டுக்கு முன்னாடி எறங்கும்னு யாருக்குத் தெரியும்?"

அவன் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் எந்தக் காட்டுக்குப் போனாலும் திரும்புவது அந்த இறக்கத்தால்தான். ஒருநாள் உரக்கப் பாடிக்கொண்டு வந்தான். மதகு வந்ததும் பாட்டு நின்றது, காலும் இறங்கிவிட்டது. இன்னொரு நாள் கண்ணை மூடிக்கொண்டு வந்து தேயிலைக்குள் விழுந்தான்; குச்சி கீறிய இடத்தைத் துடைக்க நான்தான் உட்கார்ந்தேன். காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டிவிடவா என்று கேட்டேன். அவன், "கட்டுனா அது என் காலு போனதாகாது" என்றான்.

கேரியர்

கடைசி ஞாயிறு வந்தது. காட்டுப் பக்கம் போகவே மனசில்லை. மேல் மலை உச்சியில் சவுக்கு மரங்களுக்கு நடுவே இருக்கிற முனியாண்டி கோயில் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். பெரியசாமி காலையிலேயே நடந்து வந்து, சாமிக்குத் தேங்காய் உடைத்துச் சொல்லிக்கொண்டு, கல்லில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். முழங்கால் வீங்கியிருந்தது.

"எறக்கம் நடக்க ஏலாதுப்பா. கேரியர்ல ஏறுங்க" என்றான் முத்தையா.

"நான் எத்தனயோ வருசமா ஏறலியே."

"இனி யாரு கேக்கப் போறா?"

அவர் கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் பின்னாலே வந்தேன்.

இறக்கம் தொடங்கியது. இரண்டு பக்கமும் கொழுந்து. ஞாயிறு என்பதால் மலையில் ஆட்களில்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கம் ஊதியது. பெரியசாமியின் தலைத்துணி அவிழ்ந்து என் பக்கமாகப் பறந்து வந்தது. நான் அதைப் பிடிக்கக்கூட முயலவில்லை. என் கண்ணெல்லாம் முத்தையாவின் வலது காலில் இருந்தது. தூரத்தில் மதகு தெரிந்தது. சைக்கிள் மெதுவானது. அவன் கை பிரேக்கை அமுக்கிவிட்டது, கால் பெடலை விட்டு விலகத் தொடங்கியது. இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது பெரியசாமி மகனின் முதுகில் கையை வைத்தார். காற்றையும் மீறி எனக்குக் கேட்டது.

"எறங்காத. பிரேக் புடிக்கல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. அந்தப் பிரேக் நான் பூட்டியது. முதல்நாள் சாயந்தரம்தான் சோதித்தது. பரம்பரைக்கே இந்தப் பெயரை ஒட்டவைத்துவிட்டுத்தான் இந்த மனிதர் கப்பலேறுவார் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்தேன். ஆனால் முத்தையாவின் கை தளர்ந்துவிட்டது. கால் பெடலுக்குத் திரும்பிவிட்டது. மதகு போனது. கேட் போனது. மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. மதில் நீளமாக, மிக நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது, பிறகு முடிந்துவிட்டது. முத்தையா மணியை அடித்தான், அடித்துக்கொண்டே போனான்.

கீழே பெரட்டுக்களத்தில் சைக்கிள் அழகாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது.

முத்தையா மூச்சு வாங்கிக்கொண்டு பிரேக்கை ஒருமுறை விட்டுப் பிடித்துப் பார்த்தான். "நல்லாப் புடிக்குதேப்பா."

பெரியசாமி இறங்கி வேட்டியைச் சரிசெய்தார். "அன்னைக்கும் நல்லாத்தான் புடிச்சிச்சு" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எனக்குப் புதுசா வந்த சைக்கிளு. காத்து நல்லா அடிச்சிச்சு. எறங்க மனசு வரல. அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிச்சத்த வாப்பாகிட்ட கேளுங்க தம்பி."

முத்தையா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பெரட்டில் கைகூப்பி நின்ற அதே இடம்தான்.

வாப்பா

பதுளை வரைக்கும் நான் ஓட்டிய வேகத்துக்கு அன்று என் பிரேக்தான் நானா பிரேக். வாப்பா அசர் தொழுதுவிட்டுக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா, பெரியசாமிட பிரேக் நல்லாத்தான் இருந்திச்சாம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கணக்கப்புள்ள கொண்டாந்தப்ப நான் ஒரு தரம் புடிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி நின்டுச்சு. அந்த ஆள்ட மொகத்தையும் பாத்தேன். பாத்துட்டு வரேன்டு சொல்லி சைக்கிள உள்ளுக்குக் கொண்டு போய், புதுக் கட்டையக் கழட்டிட்டு தேஞ்ச கட்டையப் போட்டுக் கொண்டாந்து காட்டினேன்."

திருவிழாவில் கிழிந்த சட்டை ஞாபகம் வந்தது.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே வாப்பா."

"ஒன்ட வாயப் பத்தித் தெரியாதா? நீ தோட்டமெல்லாம் சொல்லுவ, அவருக்குச் சீட்டு வரும்."

"சரி, தொரைமார் போன பொறகு?"

"பொறகு அந்தப் பேரு பழகிப் போச்சு மகன்" என்றார்.

கோச்சி

அவர்கள் போன அன்று பதுளை ஸ்டேஷன் முழுக்க அழுகை. போகிற பெண்களும் நிற்கிற பெண்களும் ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தோட்டத்துச் சனம் பாதி அங்கேதான் நின்றது. கடையைப் பூட்டிவிட்டு வாப்பாவும் வந்தார். முத்தையா தன் சைக்கிளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொன்னான். சரி என்றேன்.

பெரியசாமி ஜன்னலுக்கு வெளியே குனிந்து வாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நானா, அந்த பிரேக்கு..."

வாப்பா அவசரமாகத் தலையாட்டினார். "அது என்ட பிழதான். மனசுல வச்சுக்காதீங்க."

பக்கத்தில் நின்ற யாரோ, "நானா பிரேக்" என்றான். அழுதுகொண்டிருந்தவர்களே கொஞ்சம் சிரித்துவிட்டார்கள். கோச்சி கூவியது. பெட்டி ஒருமுறை குலுங்கி நகரத் தொடங்கியது.

பெரியசாமி கையை விடவில்லை. அவர் உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று பிளாட்போம் முழுவதும் கேட்டது.

"நானா பிரேக் நல்ல பிரேக்குங்க. நான்தான் எறங்கல."

வாப்பா கோச்சியோடு நாலடி நடந்தார். பிறகு கைகள் விடுபட்டன. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது. சனம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் யாரும் சிரிக்கவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும் வாப்பாவும் பஜார்ப் பக்கம் நடந்தோம். அவர் தொப்பியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். கடை வாசலுக்கு வந்ததும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த மனுசன்ட புதுக் கட்ட ரெண்டும் இன்னும் நம்மகிட்டதானே கிடக்குது மகன்" என்றார். "குடுக்காம விட்டுட்டேனே."